காலிப் பெட்டிக்கும் ஒரு கணக்கு

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரம். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தமையனாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. மருத்துவமனை எதிலும் படுக்கை இல்லை. வீட்டிலேயே பிராணவாயு கொடுத்துப் பாருங்கள் என்று மருத்துவர் கூறிவிட்டார். நாங்கள் மூவர் மும்பைப் புறநகர் முழுதும் சுற்றி, வாயு நிரப்பும் நிலையங்களைத் தேடினோம். மூன்று நிலையங்களிலும் ஒரே விடைதான் கிடைத்தது: "வாயு இருக்கிறது. காலி சிலிண்டர் கொண்டு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்."

காலி சிலிண்டருக்கு எங்கே போவது? நள்ளிரவு கடந்த பின், ஒரு வீட்டில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் மூலம் அறிந்து சென்றோம். அவ்வீட்டார் கதவைத் திறந்து, கூடத்து மூலையில் நின்ற சிலிண்டரைக் காட்டி, "எடுத்துச் செல்லுங்கள், எங்களுக்கு இனித் தேவையில்லை" என்றனர். ஏன் தேவையில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. விலை என்ன என்று நாங்கள் கேட்டதற்கு அவர்களும் விடை கூறவில்லை. தமையனார் பிழைத்துக்கொண்டார்.

இதனை இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நம் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, சீனாவில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இங்கே என்னுடைய மாத்திரை ஏன் கிடைக்காமல் போக வேண்டும்? நீ சரக்கு ஆபீசில் இருக்கிறாயே, உனக்குத் தெரியாதா?" என்றார். "அடுத்த இதழில் எழுதுகிறேன் ஐயா" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பினேன். பொருளாதாரம் பயின்றவன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆயினும் சரக்குகளின் போக்குவரத்தை நாள்தோறும் ஏட்டில் எழுதிப் பழகியவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன்.

சரக்கு அலுவலகத்திற்கு வேலைக்கு வரும் இளைஞன் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஏற்றிய வேகன் எவ்வளவு முக்கியமோ, காலி வேகனும் அவ்வளவு முக்கியம். நிலக்கரியை இறக்கிவிட்ட ரேக் சுரங்கத்திற்குத் திரும்பிச் சென்றால்தான் அடுத்த நிலக்கரி புறப்படும். காலியாகச் செல்லும் வண்டிக்குக் கூலி தருவார் இல்லை. ஆனால் அது ஓடாவிட்டால் கூலி தரும் வண்டியும் ஓடாது. வெளியுலகத்தார் சரக்கையே பார்க்கிறார்கள். எங்கள் கண் எப்பொழுதும் காலியின் மீதே இருக்கும். 2020-இலும் 2021-இலும் உலக வாணிபம் தடுமாறியதைச் செய்தித்தாளில் படித்தபோதெல்லாம் எனக்கு இந்தப் பாடமே நினைவுக்கு வந்தது.

கடல் வாணிபத்தின் பெரும்பகுதி இன்று கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டிகளில் நடைபெறுகிறது. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றும் வேலை அன்று முதல் மெல்ல மறையத் தொடங்கியது. ஏற்றுகூலி குறைந்தது, தொலைவு ஒரு பொருட்டல்லாமல் போயிற்று. எங்கு மலிவோ அங்கு செய்வது, எங்கு தேவையோ அங்கு அனுப்புவது என்ற ஏற்பாடு இந்தப் பெட்டியின் முதுகில் ஏறியே வளர்ந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டிற்கு ஒரு நிபந்தனை உண்டு. சரக்கை இறக்கிய பெட்டி, அடுத்த சரக்கு காத்திருக்கும் இடத்திற்கு உரிய காலத்தில் வந்து சேர வேண்டும்.

கொள்ளைநோய் அந்த நிபந்தனையைத்தான் முறித்தது. 2020 ஜனவரி 23-ஆம் நாள் வூகான் நகரம் அடைக்கப்பட்டது. சீனத் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தமையால் கப்பல் கம்பெனிகள் பல பயணங்களை நிறுத்தின. மார்ச் மாதத்திற்குள் சீனா மெல்ல எழுந்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வீட்டில் அடைபட்ட அமெரிக்க மக்கள், உணவு விடுதிக்கும் உல்லாசப் பயணத்திற்கும் செலவிட்ட பணத்தை மேசைக்கும் நாற்காலிக்கும் கணிப்பொறிக்கும் செலவிடலாயினர். சீனாவிலிருந்து பெட்டிகள் வெள்ளமெனச் சென்றன. அங்கே இறக்கும் தொழிலாளரிலும் லாரி ஓட்டுவோரிலும் பலர் நோயுற்றனர், கிடங்குகள் நிரம்பின. பெட்டிகள் போயின, திரும்பவில்லை. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே 100-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இடமின்றிக் காத்துக் கிடந்தன. நாற்பது அடிப் பெட்டி ஒன்றிற்கு 2019-இல் சராசரியாக 1,420 டாலராக இருந்த உலகக் கப்பல் கூலி, 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது.

பெட்டிக்குப் பஞ்சமா என்றால், உலகில் பெட்டி குறைந்துவிடவில்லை. வேண்டாத இடத்தில் குவிந்தது. வேண்டிய இடத்தில் இல்லை. சீனாவிலிருந்து அமெரிக்கா செல்லும் பெட்டிக்குக் கிடைத்த கூலியோ கொழுத்தது. ஆகவே கப்பல் கம்பெனிகள், அமெரிக்க உழவரின் தானியத்தை ஏற்றக் காத்திராமல், காலிப் பெட்டிகளை அவசரமாகத் திரும்பச் சுமந்து சென்றன. உழவர்கள் கூக்குரலிட்டனர். அதன் விளைவாக 2022 ஜூனில் அந்நாட்டில் ஒரு சட்டமே பிறந்தது: தகுந்த காரணமின்றி ஏற்றுமதிச் சரக்கை மறுத்தல் கூடாது என்று. நம் நாட்டிலும் இதே துன்பம் வேறு உருவில் வந்தது. 2020-இல் இறக்குமதி குறைந்தபடியால் உள்ளே வரும் பெட்டிகள் குறைந்தன. ஏற்றுமதியோ ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் எழுந்தது. திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களுக்கு ஆர்டர் இருந்தது, துணி இருந்தது, பெட்டி இல்லை. உலகின் கன்டெய்னர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனாவிலேயே செய்யப்படுகின்றன. புதிதாகச் செய்துகொள்வோம் என்று நினைத்தாலும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவு இறுக்கமான சங்கிலியில் ஒரு கண்ணி அசைந்தால் போதும். 2021 ஆகஸ்டில் சீனத்தின் நிங்போ துறைமுகத்தில் தொழிலாளி ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, நோய் கண்டது. ஒரு முனையம் முழுவதையும் இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். பெரியவர் கேட்ட கேள்வியில் மிகை ஒன்றும் இல்லை.

கப்பலில் இருந்த மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாடுகள் கரையை அடைத்தபோது, ஒப்பந்தம் முடிந்த மாலுமிகள் இறங்க முடியவில்லை. மாற்று ஆள் ஏற முடியவில்லை. 2020 இறுதியில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இவ்வாறு கடலில் சிறைப்பட்டிருந்தனர். பதினொரு மாதத்திற்கு மேல் ஒருவரைக் கப்பலில் வைத்திருத்தல் கூடாது என்பது விதி. பதினேழு மாதம் கடந்தும் வீடு காணாதோர் இருந்தனர். தூத்துக்குடிப் பக்கம் உறவுள்ள அன்பர்களுக்கு இதன் வேதனை தெரிந்திருக்கும். 2020 டிசம்பரில்தான் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, மாலுமிகளை இன்றியமையாப் பணியாளராகக் கருத வேண்டுமென்று தீர்மானம் செய்தது. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் கை தட்டிய உலகம், மருந்தைச் சுமந்து வந்தவனை மறந்திருந்தது. அடுத்த முறை நோய் பரவும்போது அரசாங்கங்கள் முதல் நாளே செய்ய வேண்டியவற்றுள் இது ஒன்று: மாலுமி, லாரி ஓட்டுநர், சுமை தூக்குவோர் ஆகியோர்க்குச் சென்று வர அனுமதியும் தடுப்பூசியில் முன்னுரிமையும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

இனி, காலியை நகர்த்த அரசாங்கத்தால் ஆவது என்ன? எங்கள் தொழிலில் டெமரேஜ் என்று ஒன்று உண்டு. குறித்த நேரத்திற்குள் வேகனைக் காலி செய்யாதவர் தண்டம் கட்ட வேண்டும். வணிகர்கள் எங்களைத் திட்டுவது பெரும்பாலும் இதற்காகவே. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகத்தார் 2021 அக்டோபரில் இதே மருந்தைக் கையில் எடுத்தார்கள். லாரியில் செல்ல வேண்டிய பெட்டி ஒன்பது நாளைக் கடந்து முற்றத்தில் கிடந்தால் முதல் நாள் 100 டாலர், மறுநாள் 200, அதற்கு மறுநாள் 300 எனக் கப்பல் கம்பெனியிடம் வாங்குவோம் என்று அறிவித்தார்கள். வேடிக்கை என்னவெனில், கடைசி வரை ஒரு டாலரும் வாங்கவில்லை. வாரந்தோறும் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்கள்; பெட்டிகளும் குறைந்துகொண்டே வந்தன. தண்டத்தைவிடத் தண்டத்தின் அச்சம் நன்றாக வேலை செய்யும் என்பது எங்கள் குமாஸ்தாக்களுக்கு முன்பே தெரியும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. சோம்பலால் தேங்கும் சரக்குக்குத் தண்டம் மருந்து. இயலாமையால் தேங்கும் சரக்குக்கு அது கொடுமை. 2020 மார்ச் மாத இறுதியில் பயணிகள் வண்டிகள் யாவும் நின்றபோது சரக்கு வண்டிகள் ஓடின. ரேக்குகள் வந்து நின்றன. இறக்க ஆள் இல்லை, ஏற்றிச் செல்ல லாரி இல்லை. அந்நாள்களில் ரயில்வே டெமரேஜைத் தள்ளுபடி செய்தது. அத்துடன், மார்ச் 24 முதல் ஏப்ரல் 30 வரை காலிக் கன்டெய்னர்களையும் காலித் தட்டை வேகன்களையும் கட்டணமின்றிக் கொண்டு செல்வதாகவும் அறிவித்தது. செய்தித்தாள்களில் இது பெரிதாக வரவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் செய்யப்பட்ட அறிவுள்ள காரியங்களுள் இதுவும் ஒன்று என்பேன்.

அடுத்த ஆண்டு, பிராணவாயுவின்போது, காலியின் அருமை நாட்டிற்கே விளங்கியது. பற்றாக்குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாயு கிழக்கே உருக்காலைகளில் இருந்தது. மூச்சுக்குத் தவித்தவர்கள் மேற்கிலும் வடக்கிலும் இருந்தனர். இடையே சுமந்து வரும் டாங்கர்கள் மிகச் சில. 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் நம் கலம்போலியிலிருந்து முதல் பிராணவாயு வண்டி புறப்பட்டது. அதில் சென்றவை என்ன? ஏழு காலி டாங்கர்கள். லாரியோடு அவற்றைத் தட்டை வேகன்களில் ஏற்றினார்கள். வேகனின் உயரம் 1,290 மில்லிமீட்டர். அதன்மேல் 3,320 மில்லிமீட்டர் உயரமுள்ள வண்டியே, பாலங்களிலும் மின்கம்பியிலும் இடிக்காமல் போகும் என்று கணக்கிட்டுத் தேர்ந்தார்கள். மலைப்பாதையின் குகைகளில் நுழைய முடியாதாகையால், வசாய், சூரத், பூசாவல், நாகபுரி என்று சுற்றிக்கொண்டு 1,850 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சுமார் 50 மணி நேரத்தில் விசாகப்பட்டினம் சேர்ந்தது அந்த வண்டி. நிரப்பிக்கொண்டு திரும்பி, மூன்று டாங்கர்களை நாகபுரியிலும் நான்கை நாசிக்கிலும் இறக்கியது. பிறகு விமானப் படையும் சேர்ந்துகொண்டது. நிரப்பிய டாங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. ஆகவே காலி டாங்கர்களை வானத்தில் பறக்கவிட்டு, நிறைந்தவற்றைத் தண்டவாளத்தில் கொண்டுவந்தார்கள். காலி விமானத்தில் வர, சரக்கு ரயிலில் வந்த காலம் அது! இரண்டு மாதத்தில் 35,000 டன்னுக்கு மேல் பிராணவாயு இவ்வாறு ரயிலில் சென்றது. மே மாத நடுவில் சென்னைத் தண்டையார்பேட்டைக்கும் வந்து சேர்ந்தது.

அதே டாங்கர்கள் சிலவற்றை ஓராண்டு முன்னரே செய்து வைத்திருந்தால் என்று நினைக்காதவர் இல்லை. ஆனால் 2020-இல் யாரேனும், "இருநூறு டாங்கர் வாங்கிச் சும்மா நிறுத்தி வையுங்கள்" என்று கோப்பில் எழுதியிருந்தால் தணிக்கைக்காரர் விட்டிருப்பாரா? இங்கேதான் என் தொழிலின் பாடமும் கொள்ளைநோயின் பாடமும் மோதுகின்றன. நிற்கும் வேகன் நஷ்டம் என்று கற்பிக்கப்பட்டவன் நான். ஆலைகளும் அப்படியே கற்றன: கிடங்கில் பொருள் இருந்தால் பணம் முடங்கும், தேவைக்கு அன்றன்று வரவழைத்துக்கொள். இந்த முறையை உலகிற்குக் கற்பித்த ஜப்பானிய டொயோட்டா கம்பெனியே, 2011-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அடிபட்ட பின், மின்னணுச் சில்லுகளை மட்டும் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை இருப்பில் வைத்திருக்கும்படி தன் விற்பனையாளரைப் பணித்தது. 2021 தொடக்கத்தில் பிற மோட்டார் கம்பெனிகள் சில்லின்றி நின்றபோது டொயோட்டா ஓடியது. அவ்வாண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. இருப்பு காலத்தை வாங்கித் தரும், அவ்வளவே. ஆனால் மூச்சு முட்டும் வேளையில் காலத்தைவிட விலையுயர்ந்த பொருள் எது?

இருப்பின் பயனுக்கு நம் வீட்டுச் சான்றே உண்டு. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளைப் பற்றி நாம் கேட்ட வசைகள் எத்தனை! எலி தின்கிறது, மழையில் நனைகிறது, தேவைக்கு மேல் குவிக்கிறார்கள் என்று. அவற்றில் உண்மையும் உண்டு. 2020 ஏப்ரலில் அக்கிடங்குகளில் விதித்த அளவைப் போல இரு மடங்கிற்கும் மேல் தானியம் கிடந்தது. அந்தத் தானியமே ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு, ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ வீதம் கூடுதலாகச் சென்றது. வேலை இழந்து ஊருக்கு நடந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கிடங்கும் காலியாக இருந்திருப்பின் அந்தப் பாடு எங்கே முடிந்திருக்கும்?

இனிப் பெரியவரின் மாத்திரைக்கு வருவோம். உலகிற்கே மருந்து விற்கும் நாடு நம்முடையது. ஆயினும் இறக்குமதியாகும் மூலமருந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலைச் செய்யும் வேதிப்பொருளும் அங்கிருந்தே வந்தது. எனவே வூகான் அடைந்ததும் நம் அரசாங்கம் கலங்கி, 2020 மார்ச் 3-ஆம் நாள் 26 மருந்துகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பெனிசிலின் கதை இன்னும் வருந்தத் தக்கது. புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954-இல் அரசாங்கமே ஆலை நிறுவி, மறு ஆண்டு முதல் பெனிசிலின் செய்தது. பின்னாளில் மலிவான சீனச் சரக்கின் முன் நிற்க மாட்டாமல் நம் நாட்டில் அத்தொழிலே அற்றுப்போயிற்று. 2020 மார்ச்சில் மூலமருந்துத் தொழிலுக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத் தொகை அறிவிக்கப்பட்டது. அதன் பயனாக 2024-இல் காக்கிநாடா அருகே பெனிசிலின்-ஜி ஆலை இயங்கத் தொடங்கியது. மகிழ்ச்சியே. ஆனால் ஆலையைக் கட்டுவது எளிது, காப்பது கடினம். நோய் மறந்த பின் மலிவுச் சரக்கு மீண்டும் வரும். அன்று அரசாங்க மருத்துவமனைகள் சில காசு அதிகம் கொடுத்தேனும் உள்நாட்டு மருந்தில் ஒரு பங்கை வாங்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊரே அடைபட்டால் நம் ஆலையும் அடைபடும். இரண்டாவது வழி ஒன்று திறந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஒற்றைப் பாதையில் தடம் புரண்டால் என்னவாகும் என்பதை ரயில்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் மட்டும் தடைபட்டோம் என்று எண்ணுவதும் நேர்மையன்று. 2021-இல் அமெரிக்கா தன் தடுப்பூசி ஆலைகளுக்கே முதலுரிமை என்று சொன்னபோது, அங்கிருந்து வர வேண்டிய பைகளும் வடிகட்டிகளும் தாமதமாகி நம் புனே ஆலை தவித்தது. ஏப்ரல் இறுதியில்தான் அவ்வழி இளகியது. அதே வேளையில், நம் மக்கள் மடிந்துகொண்டிருந்தபடியால், நாம் வெளிநாடுகளுக்கு அனுப்ப வேண்டிய தடுப்பூசியை நிறுத்தினோம். பொதுத் தொகுப்பை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் நவம்பர் வரை காத்திருந்தன. அவர்கள் செய்ததும் நாம் செய்ததும் ஒன்றே. எரியும் வீட்டுக்காரன் வாளியை இரவல் தர மாட்டான். ஆகையால் வாளியின் பங்கீட்டை நெருப்புக்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும். 2025 மே 20-ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை கொள்ளைநோய் உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. மருந்தும் கருவியும் தேவைக்கேற்பச் சென்று சேர ஒரு பொதுப் போக்குவரத்து ஏற்பாடு அதில் சொல்லப்பட்டுள்ளது. அமெரிக்கா இதில் சேரவில்லை. ஏட்டில் எழுதியதெல்லாம் தண்டவாளத்தில் ஓடிவிடாது என்பதும் நான் அறிந்ததே; எனினும் அட்டவணை இல்லாத வண்டியைவிட, தாமதமாக ஓடும் வண்டி மேல்.

மீண்டும் நம் சிலிண்டருக்கு வருகிறேன். அன்று அந்த வீட்டார் கொடுத்தது நம் சங்க நூலகத்தின் மூலையில், செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் இன்றும் நிற்கிறது. அதன் பிறகு இரண்டு குடும்பங்களுக்கு அது பயன்பட்டது. அப்புறம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனைச் சோதித்து முத்திரை இட்டால்தான் நிரப்பும் நிலையத்தார் ஏற்பார்கள். அதற்குச் செலவு உண்டு. இடமும் அடைக்கிறது, காசும் கேட்கிறது, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமே என்று சென்ற செயற்குழுவில் பொருளாளர் கூறினார். அவர் கணக்கில் பிழை இல்லை. நான் சோதனைச் செலவை ஏற்பதாகச் சொன்னேன். ஒருவர் பணத்தில் சங்கப் பொருளைப் பேணுவது முறையன்று என்று தலைவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் பொதுக் கூட்டத்தில் இது முடிவாகும். உறுப்பினர்கள் தவறாது வந்து தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.